‘நார்மல்’ என்னும் ஒரு சொல்

தைராய்டு சுரப்பி குன்றிப்போனதற்காக நாள்தோறும் மாத்திரை உட்கொண்டு வருகிற ஒருவர், தம்முடைய ரத்தப் பரீட்சைத் தாளில் டி.எஸ்.எச். என்னும் எழுத்துக்களுக்கு நேரே நிற்கும் எண், பக்கத்தில் அச்சிட்டிருக்கும் இரண்டு எல்லைகளுக்கு நடுவே அடங்கியிருப்பதைக் கண்டவுடன், வியாதி தீர்ந்துவிட்டது என்றும், இனி மாத்திரைக்கு அவசியமில்லை என்றும் முடிவு கட்டிக்கொள்வது, மரக்காணத்து உப்பளக் கரையோரத்தில் ஏறக்குறைய சர்வ சம்மதமான அபிப்பிராயமாக நிலைத்துவிட்டது. அளத்தில் உப்பு வாருகிறவர்கள் மட்டுமே இப்படி எண்ணுகிறார்கள் என்று யாரும் நினைக்க வேண்டா. திண்டிவனத்திலும் புதுச்சேரியிலும் உத்தியோகம் பார்க்கிற படித்தவர்களிடத்திலும் இதே அபிப்பிராயம் வேறொரு வேஷத்தில் உலவுகிறது. அவர்கள் மாத்திரையை நிறுத்துவதில்லை. ஆனால் எண் எல்லைக்குள் வந்தால் சர்வ சுகம், எல்லையை இம்மி தாண்டினால் ஆபத்து என்று கொண்டு, சில மாதத்துக்கு ஒரு பரீட்சையும், பரீட்சைக்கு ஒரு மருந்தளவு மாற்றமுமாகக் காலம் கழிக்கிறார்கள். இரண்டு பிழைகளுக்கும் வேர் ஒன்றே. தாளில் உள்ள எண் தானாகவே பேசும், அதைக் கேட்டால் போதும் என்னும் நம்பிக்கையே அந்த வேர். எண் தானாகப் பேசாது என்பதை, என்னால் இயன்ற வரையில் நிதானமாகவும் காரணத்தோடும் எடுத்துக் காட்டவே இதை எழுதுகிறேன்.

இந்த அபிப்பிராயம் எங்கள் வீட்டுக்குள் என்ன செய்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். என் சின்னம்மா முப்பது வருஷமாக அளத்தில் உப்பு வாரியவள். ஐப்பசி மழை பிடித்துப் பாத்திகள் மூழ்கி, அளம் ஓய்ந்திருந்த ஒரு பருவத்தில், உடம்பு ஊதுகிறது, குரல் கம்முகிறது, குளிர் தாங்கவில்லை என்று அவளை அழைத்துக்கொண்டு போய்ப் பார்த்ததில், டி.எஸ்.எச். 60க்கு மேல் இருந்தது. தைராக்ஸின் மாத்திரை 75 மைக்ரோகிராம் தொடங்கினார்கள். தை மாதம் மறுபடி ரத்தம் எடுத்தபோது எண் 2.8. பரீட்சை நிலையத்தில் தாளை நீட்டியவர், “நார்மல்தாம்மா” என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னார். வீட்டுக்கு வந்த சின்னம்மா, “அதான் நார்மல்னு வந்துடுச்சே, இன்னும் எதுக்குடா மாத்திர, காசுக்குக் கேடு?” என்று சொல்லி, மாத்திரைக் குப்பியை அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்துவிட்டு, அளம் திறந்ததும் வேலைக்குப் போய்விட்டாள். மாசியில் ஒன்றும் நேரவில்லை. பங்குனியிலும் பெரிதாக ஒன்றும் இல்லை. நிறுத்தியது சரிதான் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி அவளுக்கு வேண்டியிருக்கவில்லை. சித்திரையில் முகம் மறுபடியும் உப்பிற்று, வெயில் என்றார்கள். வைகாசியில் கால் வீங்கி நடை தளர்ந்தது. நாள் முழுதும் உப்புத் தண்ணீரில் நிற்கிற கால் வீங்காமல் என்ன செய்யும் என்றார்கள். ஒரு நாள் விடியற்காலையில் வரப்பிலேயே விழுந்து, எழுந்திருக்கத் திராணியில்லாமல் கிடந்தவளைத் தூக்கிக்கொண்டு வந்தோம். அப்போது எடுத்த எண் முதல் முறை கண்டதைக் காட்டிலும் அதிகம்.

அவள் மீது எனக்குக் கோபம் இல்லை. அவள் கேட்ட கேள்வி நியாயமானது. அதற்கு விடை சொல்ல வேண்டியவர்கள் சொல்லவில்லை என்பதே என் தாபம்.

டி.எஸ்.எச். என்பது தைராய்டில் சுரக்கும் பொருளன்று. மூளைக்கு அடியில் இருக்கிற பிட்யூட்டரி என்னும் சிறு சுரப்பி, ரத்தத்தில் தைராக்ஸின் குறைகிறதா கூடுகிறதா என்று இடைவிடாமல் பார்த்துக்கொண்டிருந்து, குறையும்போது தைராய்டைத் தூண்டும்பொருட்டு அனுப்புகிற ஆணையே அது. தைராக்ஸின் குறைந்தால் ஆணையின் குரல் உயரும்; நிறைந்தால் தாழும். தைராக்ஸினில் நேர்கிற சிறு குறைவுக்கும் இந்தக் குரல் பன்மடங்கு உயர்ந்துவிடும் தன்மையுடையதாதலால்தான், சுரப்பியின் குறையைக் கண்டுபிடிக்க இதைவிடக் கூர்மையான பரீட்சை இன்றளவும் இல்லை. ஆனால் பிட்யூட்டரி அறிவது ரத்தத்தில் தைராக்ஸின் எவ்வளவு இருக்கிறது என்பதை மட்டுமே. அது சுரப்பியிலிருந்து வந்ததா, குப்பியிலிருந்து வந்ததா என்பதை அது அறியாது. எங்கள் பக்கத்தில் கிணறு உவர்த்துப்போய், லாரியில் வரும் தண்ணீரைப் பிடித்து வைத்துக் குடிக்கிற வீடுகள் எத்தனையோ உண்டு. அந்த வீட்டுக் குடம் நிறைந்திருப்பதைக் கண்டு, கிணறு ஊறிவிட்டது, லாரி இனி வேண்டா என்று எந்தப் பெண்ணும் சொல்லமாட்டாள். மாத்திரை உண்பவரின் தாளில் உள்ள 2.8 என்னும் எண் குடத்தின் கணக்கு. கிணற்றைப் பற்றி அதில் ஒரு எழுத்தும் இல்லை. அது வியாதி போனதற்குச் சான்று அன்று, மருந்தளவு பொருந்தியதற்குச் சான்று. எனவே அந்த எண்ணைக் கண்டதும் செய்யத்தக்கது, அதே அளவை விடாமல் உட்கொள்வதேயன்றி வேறில்லை.

கிணறு தானே ஊறுகிற சந்தர்ப்பங்கள் அடியோடு இல்லை என்று சொல்லமாட்டேன். பிரசவத்துக்குப் பின் சில மாதங்களில் தாய்க்கு வருகிற தைராய்டு அழற்சி பெரும்பாலும் தணிந்துவிடும். எண் சிறிதளவே உயர்ந்திருந்தபோது அவசரத்தில் மாத்திரை தொடங்கப்பட்டவர்களும் பலர் உண்டு. அத்தகையவர்களுக்கு மருந்தைக் குறைத்தோ நிறுத்தியோ பார்ப்பது வைத்தியர் அறிந்து செய்கிற காரியம்; அதிலும், நிறுத்தி ஆறு முதல் எட்டு வாரம் கழித்து மறுபடி ரத்தம் பார்த்த பிறகே முடிவு. சுரப்பியை அறுத்து எடுத்தவருக்கும், ரேடியோ அயோடினால் எரித்தவருக்கும், நாட்பட்ட அழற்சியால் சுரப்பி சிதைந்துபோனவருக்கும் இந்த ஆராய்ச்சியே தேவையில்லை.

ஆறு வாரம் என்று ஏன் சொல்கிறார்கள் என்பதை எங்கள் ஊர்க்காரர்களுக்கு விளக்குவது கடினம் அன்று. உப்புநீரின் செறிவை டிகிரிக் கணக்கில் அளக்கிற மிதவைக் கருவியை அறிந்தவர்கள் அவர்கள். போமே அளவில் ஏறக்குறைய 25 டிகிரிக்கு வந்தால் உப்புப் பூக்கத் தொடங்கும். ஆனால் புதுத் தண்ணீரைப் பாத்திக்குள் திறந்துவிட்ட மறுநாழிகையே மிதவையைப் போட்டு, டிகிரி ஏறவில்லை என்று சொல்லி இன்னும் கனத்த நீரைக் கொண்டுவந்து கொட்டுகிறவன் அளத்துக்காரன் ஆகமாட்டான். வெயிலும் காற்றும் பட்டு நீர் தன் நிலைக்கு வரட்டும் என்று காத்திருப்பதே அந்தத் தொழிலின் சாமர்த்தியம். தைராக்ஸினும் அப்படிப்பட்ட மெத்தனமான பொருள். உடலுக்குள் சென்ற தைராக்ஸினில் பாதி செலவழிய ஏறக்குறைய 7 நாள் ஆகும். மருந்தளவை மாற்றினால் ரத்தத்தில் அதன் மட்டம் புதிய நிலையில் நின்று ஸ்திரப்பட ஐந்தாறு வாரம் பிடிக்கும். பிட்யூட்டரியின் குரல் அதற்கும் பின்னாலேயே வரும். ஆகையால் 50ஐ 75 ஆக்கி இரண்டாம் வாரத்தில் ரத்தம் பார்த்து, எண் இறங்கவில்லை என்று 100 ஆக்குகிறவர், மிதவையைக் கண்டு பாத்தியைக் கெடுக்கிறவரே. மூன்று மாதத்துக்குள் அவருக்கு நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், மறுபடி இறக்குவார்கள். சின்னம்மாவை மாசியும் பங்குனியும் ஏமாற்றியதற்கும் இந்த மெத்தனமே காரணம். மருந்தை நிறுத்தினவருக்குத் தண்டனை மறுநாளே வருமானால் யாரும் நிறுத்தமாட்டார்கள்.

டி.எஸ்.எச்., தைராக்ஸின் என்னும் இரண்டு அளவுகளுக்கும் நினைவு வேறு வேறு. டி.எஸ்.எச். பல வாரங்களின் நடத்தையை நினைவில் வைத்திருப்பது. தைராக்ஸினோ அண்மை நாட்களையே அதிகம் காட்டுவது. மாதம் முழுவதும் பாதி நாள் மாத்திரையை மறந்துவிட்டு, ரத்தம் எடுக்கப் போகிற வாரத்தில் மட்டும் பக்தியோடு உட்கொண்டவரின் தாளில், தைராக்ஸின் நிறைவாகவும் டி.எஸ்.எச். உயர்ந்தும் ஒன்றுக்கொன்று முரணாக நிற்கும். அதைக் கண்டு அபூர்வ வியாதி என்று தேடுவதற்கு முன், விட்டுப்போன நாட்களை வாய்திறந்து சொல்லும்படி, கடிந்துகொள்ளாத குரலில் கேட்க வேண்டும். திட்டுவார்கள் என்று அஞ்சி உண்மையை மறைக்கிற நோயாளிக்கு அவசியமற்ற பெரிய அளவு எழுதப்படுகிறது. பிறகு ஒரு நாள் அவர் நிஜமாகவே அதை நாள்தோறும் உட்கொள்ளத் தொடங்கும்போதுதான் ஆபத்து.

ரத்தம் எடுத்த வேளையையும் யாரும் கவனிப்பதில்லை. டி.எஸ்.எச். இரவில் ஏறி, விடியற்காலையில் உயர்ந்து நின்று, பிற்பகலில் தாழ்கிற இயல்புடையது. கோடையில் விடிவதற்கு முன்னே அளத்தில் இறங்கி, வெயில் ஏறும் வரையில் வாரிவிட்டு, பிற்பகலில் போய் ரத்தம் கொடுக்கிற ஒரு பெண், மழைக்காலத்தில் வேலையில்லாத நாளில் காலை 7 மணிக்கே கொடுத்தால், மருந்தும் உடம்பும் அப்படியே இருக்க, எண் மட்டும் ஏறிக் காணும். 3.4 என்பதும் 4.5 என்பதும் அவளைப் பொறுத்த வரையில் ஒரே நிலையின் இரண்டு வேளைகளாக இருக்கலாம். தாளிலோ ஒன்று எல்லைக்கு உள்ளே, மற்றொன்று கறுத்த எழுத்தில் வெளியே. தைராக்ஸினுக்கும் ஒரு வேளைக் கணக்கு உண்டு. மாத்திரையை விழுங்கிச் சில மணி நேரத்துக்குள் எடுத்த ரத்தத்தில் அது தற்காலிகமாக உயர்ந்திருக்கும். ஆகவே ரத்தம் கொடுத்த பின்பே அன்றைய மாத்திரை என்பது விதி. ஒவ்வொரு முறையும் ஒரே வேளையில், ஒரே விதமாகக் கொடுக்கப்பட்ட ரத்தங்களைத்தான் ஒன்றோடொன்று ஒப்பிடலாம்.

இனி, அந்த எல்லைகள் எங்கிருந்து வந்தன என்பதையும் பார்ப்போம். ஆரோக்கியமான பலரின் ரத்தத்தை எடுத்து அளந்து, நடுவில் அமைகிற 95 சதவீதத்தினரின் எண்களைக் கொண்டு கோடு போட்டு, மேலும் கீழும் மிஞ்சுகிறவர்களை வெளியே விட்டதனால் ஏற்பட்டதே 0.4 முதல் 4 வரை என்பது போன்ற வரம்பு. அது உலகில் காணப்படுகிற ஒரு சராசரியின் அகலம். ஒவ்வொருவரும் எட்ட வேண்டிய இலக்கு அன்று. கர்ப்பம் தரித்த பெண்ணுக்கு அந்த வரம்பு பொருந்தாது. ஏற்கெனவே மாத்திரை உண்கிறவள் கர்ப்பம் என்று அறிந்த அன்றே அளவை ஏறக்குறைய கால் பங்கு கூட்ட வேண்டியிருக்கும்; பாதிக் கர்ப்பம் வரையில் நான்கு வாரத்துக்கு ஒரு முறை ரத்தம் பார்த்து, எண்ணை 2.5க்குக் கீழே வைத்திருப்பார்கள். பிரசவமானதும் பழைய அளவுக்குத் திரும்புவார்கள். கருவிலிருக்கும் சிசுவின் மூளை முதல் மாதங்களில் தாயின் தைராக்ஸினையே நம்பி வளருகிறது. அந்தச் சமயத்தில் 3.9 என்னும் எண்ணைக் காட்டி ‘நார்மல்’ என்று ஒருவர் சொல்லி அனுப்பினால், அந்தச் சொல் ஒரு குழந்தையைப் பற்றியதும் ஆகிவிடுகிறது. அதற்கு மாறாக, எண்பதைத் தாண்டிய முதியவருக்கு எண் சற்று உயர்ந்திருப்பது வயதின் இயல்பு. அதை வற்புறுத்தி இறக்கப்போனால் நெஞ்சுத் துடிப்பு தாறுமாறாவதும் எலும்பு தேய்வதுமே லாபம். தைராய்டுப் புற்றுநோய்க்காகச் சுரப்பியை எடுத்தவர்களில் சிலருக்கோ, எண்ணை வேண்டுமென்றே எல்லைக்குக் கீழே அழுத்தி வைத்திருப்பதுதான் சிகிச்சை. அவரிடம் போய், உங்கள் எண் குறைந்திருக்கிறது, மருந்தைக் குறையுங்கள் என்று அக்கறையோடு சொல்கிற பக்கத்து வீட்டுக்காரர் தீங்கு செய்கிறார்.

இவர்கள் எல்லோரையும்விட எனக்கு அதிக வேதனை தருகிறவர்கள் வேறொரு வகையினர். பிரசவத்தில் ரத்தம் மிகுதியாகப் போன தாய்மார்களில் சிலருக்கு, அந்தச் சமயத்தில் ஓட்டம் குறைந்து பிட்யூட்டரியே வாடிவிடுவது உண்டு. 1937ஆம் ஆண்டில் ஷீஹன் என்னும் ஆங்கிலேய மருத்துவர் இதை விரிவாக எழுதியதனால் அவர் பெயராலேயே இது வழங்குகிறது. குழந்தைக்குப் பால் சுரக்காது, மாதவிலக்கு திரும்பாது, வருஷக் கணக்கில் சோர்வு. ஆணை பிறப்பிக்கிற அதிகாரியே ஓய்ந்துவிட்டமையால், தைராக்ஸின் எவ்வளவு குறைந்தாலும் டி.எஸ்.எச். உயராது, பல சமயம் எல்லைக்குள்ளேயே நிற்கும். அந்தப் பெண் நான்கு முறை பரீட்சை செய்துகொண்டு நான்கு முறையும் ‘நார்மல்’ என்ற வார்த்தையைப் பெற்று, வீட்டில் சோம்பேறி என்ற பெயரையும் பெற்றுக்கொண்டு வாழ்வாள். அவளுக்கு டி.எஸ்.எச். எந்த நாளிலும் அளவுகோல் ஆகாது. கட்டற்ற தைராக்ஸினை அளந்தே வியாதியை அறிய வேண்டும், மருந்தளவையும் நிர்ணயிக்க வேண்டும். அதிலும் பிட்யூட்டரியின் ஆணையையே நம்பியிருக்கிற அட்ரினல் சுரப்பியின் குறையை முதலில் நிரப்பாமல் தைராக்ஸினைத் தொடங்கினால் உயிருக்கே அபாயம். வீட்டிலேயே பிள்ளை பெற்று ரத்தம் இழந்த பழைய தலைமுறைப் பெண்கள் எங்கள் குப்பங்களில் இன்னும் இருக்கிறார்கள். பிரசவம் எப்படி நடந்தது என்ற ஒரு கேள்வி அவர்களைப் பொறுத்த வரையில் தாளில் உள்ள எல்லா எண்களையும்விடப் பெரியது.

கட்டற்ற தைராக்ஸின் என்று சொன்னேன். நம் ஊர்ப் பரீட்சை நிலையங்களில் ‘தைராய்டு டெஸ்ட்’ என்றால் டி3, டி4, டி.எஸ்.எச். என்று மூன்றையும் சேர்த்துக் கொடுப்பதே வழக்கம். தைராய்டின் மற்றொரு சுரப்பான அந்த டி3யும், தைராக்ஸினாகிய டி4உம் பெரும்பாலும் மொத்த அளவுகள். ரத்தத்தில் உள்ள தைராக்ஸின் மிகப் பெரும்பாலும் புரதத்தோடு கட்டுண்டு கிடக்கும்; கட்டற்றுத் திரிகிற அற்பப் பகுதியே உடலில் வேலை செய்யும். கர்ப்பத்திலும், ஈஸ்ட்ரோஜன் மாத்திரை உட்கொள்ளும்போதும் அந்தப் புரதம் பெருகும். மொத்த டி4 ஏறிக் காணும், மெய்யில் ஏற்றம் இராது. அது மட்டுமன்று: குடும்பக் கட்டுப்பாட்டுக்கோ, மாதவிடாய் நின்ற பின் வரும் உபத்திரவத்துக்கோ வாய்வழியாக ஈஸ்ட்ரோஜன் உண்ணத் தொடங்கிய பெண்ணுக்கு, பெருகிய புரதம் தைராக்ஸினைக் கட்டிக்கொள்வதால், இது வரையில் போதுமாயிருந்த அளவு போதாமற் போவதும் உண்டு. டி4 கூடியிருக்கிறது என்று மாத்திரையைக் குறைப்பதற்கும், உண்மையில் கூட்ட வேண்டியிருப்பதற்கும் உள்ள தூரத்தை எண்ணிப் பாருங்கள். டி3 என்னும் எண்ணோ, மாத்திரை உண்பவருக்குப் பெரும்பாலும் பிரயோஜனமற்ற செலவு. மருந்து மிகும்போதும் அது எல்லைக்குள் நிற்கக் கூடும், குறையும்போதும் கடைசி வரையில் நிற்கும்.

முடி கொட்டுகிறது என்று கடையில் வாங்கி விழுங்குகிற பயோடின் மாத்திரையைப் பற்றியும் ஒரு வார்த்தை. தைராய்டு குன்றியவர்களுக்கு முடி கொட்டும்; ஆகவே அதை வாங்குகிறவர்களில் பலர் இவர்களாகவே இருப்பார்கள். பல இயந்திரங்களின் பரீட்சை முறையிலேயே பயோடின் ஓர் அங்கம்; ரத்தத்தில் அது மிகுந்திருந்தால் டி.எஸ்.எச். பொய்யாகத் தாழ்ந்தும், தைராக்ஸின் பொய்யாக உயர்ந்தும் காணும். மருந்து மிகுந்தவரின் தாளைப் போலவே அந்தத் தாள் இருக்கும். குறைந்தது இரண்டு நாள் அதை நிறுத்தி ரத்தம் கொடுக்க வேண்டும் என்பதைப் பரீட்சை நிலையத்தின் வாசலில் எழுதி ஒட்டினால் என்ன குறைந்துவிடும்?

இவ்வளவும் கேட்டபின், ஒருவர் எழுந்து, அப்படியானால் இந்தப் பரீட்சையே வேண்டா, உடம்பு சொல்வதைக் கேட்டு மருந்தை வைத்துக்கொள்ளலாமே என்று சொல்லக்கூடும். அதையும் நான் மறுக்கிறேன். முன்னதைக் காட்டிலும் அழுத்தமாகவே மறுக்கிறேன். உடம்பைக் கேட்டு மருந்து கொடுத்த காலம் ஒன்று இருந்தது. 1891இல் ஜார்ஜ் மரே என்பவர், இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்தில், உடல் ஊதிச் செயலற்றுக் கிடந்த 46 வயதுப் பெண்மணி ஒருத்திக்கு ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசி மூலம் செலுத்தினார். அவள் எழுந்து நடமாடி, எண்ணூறுக்கும் மேற்பட்ட ஆடுகளின் சாற்றின் பலத்தால் மேலும் 28 ஆண்டுகள் வாழ்ந்தாள். 1914இல் அமெரிக்காவில் கெண்டல் தைராக்ஸினைப் பளிங்காகப் பிரித்தெடுத்தார். ஆனால் எவ்வளவு கொடுப்பது என்பதற்கு நம்பத்தக்க கருவி இல்லாத அந்தக் காலத்தில், நோயாளி சுறுசுறுப்பாக உணரும் வரையில் கூட்டிக்கொண்டே போனதனால், பலர் தேவைக்கு மிஞ்சி உட்கொண்டு வந்தார்கள். பெர்சனும் ரோசலின் யாலோவும் கண்ட நுண்ணளவு முறை தைராய்டுப் பரீட்சைக்கு வந்து சேர்ந்த பிறகே அந்த இருட்டு விலகிற்று. யாலோ அதற்காக 1977இல் நோபல் பரிசு பெற்றார். அந்த எண்ணை நான் தூற்றவில்லை. அளத்து மக்களுக்கு அது மற்றவர்களைவிட இன்றியமையாதது. தைராய்டுக் குறைவின் அடையாளங்கள் யாவை? சோர்வு, வறண்டு வெடித்த தோல், வீங்கிய கால், தசைவலி, கனத்த குரல். உப்பளத்தில் உழைக்கிற எவருக்கு இவை இல்லை? உப்புநீரில் தோல் வெடிக்கிறது, நின்று கால் வீங்குகிறது, வெயிலில் உடம்பு சோர்கிறது. வியாதியின் வேஷத்தைத் தொழிலே போட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உடம்பின் பேச்சை மட்டும் நம்பினால், சின்னம்மா வரப்பில் விழும் வரையில் வெயில் என்று சொல்லிக்கொண்டிருந்த எங்களைப் போலவே எல்லோரும் இருப்பார்கள்.

உப்பைப் பற்றிய பேச்சு ஒன்று மிச்சம் இருக்கிறது. இந்த ஊரில் இருந்துகொண்டு அதைச் சொல்லாமல் விட முடியாது. கடல் உப்பிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு அயோடின் குறையாது என்று ஒரு சாராரும், பாக்கெட்டில் வருகிற அயோடின் உப்புத்தான் தைராய்டைக் கொடுத்தது, கல் உப்புக்கு மாறினால் மாத்திரையை விட்டுவிடலாம் என்று மற்றொரு சாராரும் சொல்கிறார்கள். முதலாவது, கணக்குத் தெரியாத பேச்சு. ஒரு லிட்டர் கடல் நீரில் உப்புக்கள் ஏறக்குறைய 35 கிராம். அயோடினோ 60 மைக்ரோகிராம் அளவே. அத்தனையும் உப்போடு தங்கிவிட்டதாக வைத்துக்கொண்டாலும், 10 கிராம் உப்பில் 20 மைக்ரோகிராம்கூடத் தேறாது. தேவை நாளொன்றுக்கு 150. மெய்யில் அதுவும் தங்குவதில்லை. வடித்து விடுகிற கசப்பு நீரோடு பெரும்பாலும் போய்விடும். காங்கிரா பள்ளத்தாக்கில் ராமலிங்கசுவாமி குழுவினர் 1956 முதல் நடத்திய ஆராய்ச்சியும், 1962இல் தொடங்கிய தேசியத் திட்டமும், அயோடின் சேர்க்காத உப்பை உணவுக்கு விற்கக் கூடாது என்று 2006 மே மாதத்தில் மறுபடி நடைமுறைக்கு வந்த சட்டமும் இந்தக் குறையை நிரப்பவே. இரண்டாவது பேச்சில் ஒரு துளி மெய் உண்டு: அயோடின் வரம்பு மீறினால் சிலரிடத்தில் சுரப்பியின் அழற்சி மிகும். ஆனால் வீட்டை எட்டும்போது உப்பில் இருக்க வேண்டிய பத்து லட்சத்தில் 15 பங்கு என்பது தேவையின் அளவே, மீறிய அளவன்று. சிதைந்துபோன சுரப்பியை உப்பைக் கூட்டியும் எழுப்ப முடியாது, மாற்றியும் எழுப்ப முடியாது. அயோடின் என்றால் அஞ்சுகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: அவர்கள் விழுங்குகிற தைராக்ஸினிலேயே எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அயோடின்தான்.

எண் சரியாக நின்றும் சோர்வு தீராதவர்கள் உண்டு. அவர்களை மனப் பிரமை என்று ஒதுக்குகிற வழக்கத்தை நான் அடியோடு வெறுக்கிறேன். டி.எஸ்.எச். ஒழுங்காக இருந்தால் தைராய்டைப் பற்றிய கேள்விக்குப் பெரும்பாலும் விடை கிடைத்தது. அந்த மனிதரைப் பற்றிய கேள்விக்குக் கிடைக்கவில்லை. தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் ரத்தச் சோகை உடையவர்கள். உறக்கமின்மை, வைட்டமின் குறைவு, மனச்சோர்வு என்று தேட வேண்டியவை எத்தனையோ. தேடாமல் தைராக்ஸினை மட்டும் கூட்டிக்கொண்டே போவது, சத்தற்ற உடம்பைச் சாட்டையால் அடித்து ஓட்டுவதாகும். சோகைக்குக் கொடுக்கிற இரும்புச் சத்து மாத்திரையையும் சுண்ணாம்புச் சத்து மாத்திரையையும் தைராக்ஸினோடு ஒரே வாயில் போட்டுக்கொண்டால் தைராக்ஸின் உடலில் சரிவரச் சேராது. நான்கு மணி நேரம் இடைவெளி வேண்டும். டீயும் காப்பியும் கூடத் தடைதான்.

வரப்பில் விழுந்து, மாத்திரையை மறுபடி தொடங்கிய பிறகு, சின்னம்மாவின் காரியத்தில் சிக்கல் அங்கேதான் இருந்தது. எழுந்ததும் வெறும் வயிற்றில் மாத்திரை, ஒரு மணி நேரம் கழித்துக் காப்பி என்று எழுதிக் கொடுக்கிற விதி, ஏழு மணிக்கு எழுகிறவர்களுக்காக எழுதப்பட்டது. அளத்துக்குப் போகிறவள் மூன்று, மூன்றரைக்கு எழுந்து ஒரு வாய் டீயைக் குடித்துவிட்டு ஓடுகிறவள். மாத்திரை டீயோடு போயிற்று, அல்லது மறந்துபோயிற்று. அதை முதலில் கேட்டறிந்தவர் ஒரு வைத்தியர். அவர், இரவுச் சாப்பாடு முடிந்து மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கும்போது விழுங்கிக்கொள் என்று மாற்றிக் கொடுத்தார். உப்புக் காற்றின் ஈரம் படாதபடி குப்பியை இறுக மூடி நிழலில் வைக்கச் சொன்னார். மருந்தளவை மட்டும் அவர் மாற்றவில்லை.

சென்ற கார்த்திகையில் ரத்தம் கொடுக்க வரிசையில் நின்றபோது, கூனிமேட்டிலிருந்து வந்திருந்த ஒரு பெண், தனக்கு நார்மல் என்று வந்துவிட்டதால் விட்டுவிடப் போவதாகச் சொல்ல, சின்னம்மா அவளைப் பார்த்து, “மாத்திர போட்டுக்கினு நார்மலா, போடாம நார்மலா?” என்று கேட்டாள். அந்தப் பெண் விடை சொல்லாமல் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சின்னம்மாவின் தாளில் இந்த முறை எண் 3.1. அதன் ஓரத்தில், அவளுடைய பேத்தி பேனாவால் எழுதியிருக்கிறாள்: 75 மைக்ரோகிராம், வைகாசி முதல், கடைசி மாத்திரை நேற்று இரவு 9 மணி, விட்ட நாள் 2, ரத்தம் எடுத்தது காலை 8 மணி.